மான்செஸ்டர் சிட்டியை வெளியேற்றிய சின்ன ஊர் கிளப்: டிஸ்கோபோலியா இப்போது எங்கே?

#1 வார்த்தாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக போலந்தின் போஸ்னான் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்குள்ள லெஹ் போஸ்னான் கிளப்பின் ஆட்டங்களைப் பற்றி இங்கே அவ்வப்போது எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேறொரு கிளப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

போஸ்னானிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி க்ரோஜிஸ்க் வியல்கோபோல்ஸ்கி என்று ஓர் ஊர். மக்கள்தொகை 14,000 போல இருக்கும். ஒரு சதுக்கம், சில தேவாலயங்கள், ஒரு பழைய பீர் ஆலை, ஒரு கால்பந்து மைதானம். 1922இல் தொடங்கிய கிளப்பின் பெயர் டிஸ்கோபோலியா. வட்டு எறிபவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

2003 நவம்பரில் இந்த ஊர் மான்செஸ்டர் சிட்டியை யுயேஃபா கோப்பை என்ற ஐரோப்பிய கிளப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிட்டியின் அனெல்கா முதலில் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் டிஸ்கோபோலியாவின் செபாஸ்டியன் மிலா ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் அனுப்பினார், 1-1. க்ரோஜிஸ்கில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. எதிரணி மைதானத்தில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற பழைய விதிப்படி டிஸ்கோபோலியா அடுத்த சுற்றுக்குப் போனது. அதற்கு முந்தைய சுற்றில் பெர்லினின் ஹெர்த்தாவையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். போர்டோ வந்துதான் அவர்களை நிறுத்தியது (பிரான்ஸின் போர்டோ, போர்ச்சுகலின் போர்டோ இல்லை).

போன சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். இன்று அங்கே ஆடும் கிளப்பின் பெயர் நாஷா டிஸ்கோபோலியா. போலிஷ் மொழியில் நாஷா என்றால் 'நம்முடைய'. அதாவது 'நம்ம டிஸ்கோபோலியா'. மாகாண அளவிலான கீழ் லீக்கில் ஆடுகிறார்கள். வேலி ஓரமாக நின்று தொண்ணூறு நிமிடமும் பார்த்தேன். ஆட்டம் பெரிய தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனம் கனத்துப் போய்த்தான் திரும்பினேன். ஒரு கிளப் ஏன் தன் பெயருக்கு முன்னால் 'நம்ம' என்று சேர்த்துக்கொள்ள வேண்டி வந்தது என்பதைப் பற்றித்தான் இந்த இழை.

#2 நடுக்களம்

அருமையான தொடக்கம், வார்த்தாக்கரை. இந்த மிலாதானே பின்னால் ஜெர்மனிக்கு எதிராகவும் கோல் போட்டவர்? 2014 அக்டோபர், வார்சா, போலந்து 2-0. போலந்து வரலாற்றிலேயே ஜெர்மனியை முதல் முறையாக வென்ற ஆட்டம் அது. முதல் கோல் மிலிக், இரண்டாவது மிலா. அவர் இப்படி ஒரு சின்ன ஊரில் ஆடியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிளப் ஏன் கீழே போனது? வரிசையாகத் தோற்றுத் தோற்றா?

#3 வார்த்தாக்கரை

அதே மிலாதான். அப்போது அவர் வ்ரோட்ஸ்வாவ் நகரின் ஷ்லோன்ஸ்க் கிளப்பில் இருந்தார். க்ரோஜிஸ்க் அணியில் கூடவே ஆடிய ராசியாக்கும் பின்னால் இங்கிலாந்து போய் டெர்பி, டாட்டன்ஹாம், சவுதாம்ப்டன் என்று ஆடினார்.

தோற்றுத் தோற்று இல்லை நண்பரே. அதுதான் மனதை அறுக்கிறது. கடைசி சீசனில், 2007-08இல், டிஸ்கோபோலியா நாட்டின் முதல் லீக்கில் மூன்றாம் இடம். 2003இலும் 2005இலும் இரண்டாம் இடம். போலந்துக் கோப்பையை 2005இலும் 2007இலும் வென்றது. மைதானத்தில் யாரும் அவர்களைக் கீழே தள்ளவில்லை. முதல் லீக்கில் ஆடும் உரிமம் ஊரை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கிளப்பின் முதலாளி ஸ்பிக்னியெவ் ட்ஷிமாவா. கார் இருக்கை தயாரிக்கும் க்ரோட்ஸ்லின் நிறுவனம் அவருடையது. கிளப்பின் பெயரே க்ரோட்ஸ்லின் டிஸ்கோபோலியா என்றுதான் பல காலம் இருந்தது. அவர் பணத்தில்தான் 1997இல் முதல் முறையாக மேல் லீக்குக்கு ஏறினார்கள். 2008இல் அவர் விலக முடிவெடுத்தார். முதலில் ஷ்லோன்ஸ்க் கிளப்போடு இணைப்புப் பேச்சு நடந்து முறிந்தது. அப்புறம் வார்சாவின் போலோனியா கிளப்பை வைத்திருந்த யூசெஃப் வொய்சியெஹோவ்ஸ்கி வாங்கினார். போலோனியா அப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. இரண்டையும் இணைத்து, முதல் லீக் இடம், ஆட்டக்காரர்கள் என்று எல்லாம் வார்சாவுக்குப் போனது. க்ரோஜிஸ்கில் மிச்சமிருந்தது மைதானமும் பெயரும்.

#4 கோல்கம்பம்

மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த முதலாளி இல்லாவிட்டால் 14,000 பேர் உள்ள ஊருக்கு மான்செஸ்டர் சிட்டி வந்திருக்குமா? பத்து வருடத்துக்கு மேல் தன் பணத்தைக் கொட்டி ஒரு ஊரை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர். அவர் களைத்துப்போய் விற்றால் அதைத் துரோகம் என்று சொல்வது நியாயமா? பணம் போட்டவருக்கு நிறுத்தும் உரிமையும் உண்டு. ஊர்க்காரர்கள் அந்தப் பத்து வருடத்தையும் அனுபவித்தார்கள்தானே?

#5 வார்த்தாக்கரை

கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் கேள்வியை நானே எனக்குள் பல முறை கேட்டுப் பார்த்தேன்.

நிறுத்த உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவர் பணம் தருவதை நிறுத்தியிருந்தால் அணி பலவீனமாகி, ஓரிரண்டு வருடத்தில் இறங்கியிருக்கும். அந்த இறக்கம் மைதானத்தில் நடந்திருக்கும். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு தோல்வியையும் பார்த்து, கத்தி, அழுது, பழகியிருப்பார்கள். இரண்டாம் லீக்கில் ஒரு நல்ல பயிற்சியாளர் கிடைத்துத் திரும்ப ஏறியும் இருக்கலாம். மூன்றாம் இடத்தில் முடித்த ஒரு கிளப்பின் லீக் இடத்தை, அதைச் சம்பாதிக்காத இன்னொரு நகரத்துக்கு விற்க முடியும் என்று ஒரு விதி இருந்ததே, என் சண்டை அந்த விதியோடுதான். இருக்கை ஆலை அவருடையது. மூன்றாம் இடம் அவருடையது மட்டும்தானா?

போலோனியாவுக்கு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். 2012இல் வொய்சியெஹோவ்ஸ்கி அதையும் விற்றுவிட்டுப் போனார். 2013இல் புது முதலாளி காலத்தில் உரிமம் மறுக்கப்பட்டு, போலோனியா ஐந்தாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. வார்சா ரசிகர்கள் பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறி 2023இல் இரண்டாம் நிலைக்கு வந்தார்கள். அந்த ஏற்றத்தை மதிக்கிறேன். அது அவர்களே ஆடி ஏறியது.

#6 மழைநாள் மைதானம்

கோல்கம்பம் சொல்வதில் பாதி சரி. முதலாளியின் பணத்தில் வளர்ந்த கிளப் எல்லாமே இப்படி முடிவதில்லை.

நியெசியெச்சா என்ற கிராமத்தைப் பாருங்கள். மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. தெற்கே, தார்னுவ் நகரத்துக்குப் பக்கம். ப்ரூக்-பெட் என்று நடைபாதைக் கற்கள் செய்யும் நிறுவனம் அங்கே இருக்கிறது, முதலாளிகள் வித்கோவ்ஸ்கி தம்பதி. கிராமத்து அணியைக் கீழ் லீக்குகளிலிருந்து படிப்படியாக ஏற்றி 2015இல் நாட்டின் முதல் லீக்குக்குக் கொண்டுவந்தார்கள். மைதானம் அந்தத் தரத்துக்குத் தயாராகாததால் முதல் சில மாதங்கள் மியெலெட்ஸ் நகரில் ஆடினார்கள், அப்புறம் கிராமத்துக்கே திரும்பினார்கள். 2018இல் இறங்கினார்கள், 2021இல் ஏறினார்கள், 2022இல் இறங்கினார்கள், 2025இல் மறுபடி ஏறினார்கள். இத்தனைக்கும் நடுவே உரிமத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய நகரமான க்ராகோவுக்குப் போகவில்லை. சோளக்காட்டுக்கு நடுவே நான்காயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் மைதானம்!

(அவர்களுக்குப் பட்டப்பெயர் 'யானைகள்'. யானையே இல்லாத நாட்டில் யானைச் சின்னம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.)

#7 எட்டாம் எண் சட்டை

க்ரோஜிஸ்க் இருக்கும் அதே மாகாணத்தில் இன்னொரு கதையும் உண்டு. வ்ரோன்கி. க்ரோஜிஸ்கை விடச் சின்ன ஊர். அடுப்பும் சமையலறைச் சாதனங்களும் செய்யும் அமிகா ஆலை அங்கேதான். 1992இல் இரண்டு உள்ளூர் கிளப்களை இணைத்து அமிகா வ்ரோன்கி என்று தொடங்கினார்கள். 1998, 1999, 2000, மூன்று வருடம் தொடர்ந்து போலந்துக் கோப்பை! 2006இல் லெஹ் போஸ்னானோடு இணைப்பு என்றார்கள். பெயர் லெஹ், நகரம் போஸ்னான். அமிகா என்ற அணி அத்தோடு முடிந்தது.

ஆனால் அங்கே முழுச் சூனியம் இல்லை. லெஹ் தன் இளைஞர் அகாடமியை வ்ரோன்கி மைதானங்களில் வைத்தது. இன்று போலந்தின் முக்கியமான பயிற்சி இடங்களில் ஒன்று அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பக்கத்துப் புல்தரையில் நாளைய தேசிய அணி ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொண்டு வளர்கிறார்கள். ஊருக்குத் தன் பெயரில் ஒரு பெரிய அணி இல்லை என்பது உண்மைதான்.

#8 நடுக்களம்

எனக்கு லீக் எண்களில் குழப்பம். 'முதல் லீக்' என்கிறீர்கள், 'இரண்டாம் நிலை' என்கிறீர்கள். போலிஷ் தளங்களில் பார்த்தால் 'ஒன்றாம் லிகா' என்பது இரண்டாம் நிலை என்று இருக்கிறது?

#9 மழைநாள் மைதானம்

எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். உச்சியில் எக்ஸ்ட்ராக்ளாசா. அதற்குக் கீழே ஒன்றாம் லிகா. அதாவது பெயரில் ஒன்று, நிலையில் இரண்டு. 2008-09 சீசனிலிருந்து இப்படிப் பெயர் மாற்றினார்கள். அதற்கு அடுத்தது இரண்டாம் லிகா, நாடு முழுக்க ஒரே பிரிவு. மூன்றாம் லிகா நான்கு பிரிவு. அதற்குக் கீழே ஒவ்வொரு மாகாணமும் நடத்தும் நான்காம் லிகா. க்ரோஜிஸ்க் இருக்கும் வியல்கோபோல்ஸ்கா போன்ற சில மாகாணங்களில் ஐந்தாம் லிகாவும் உண்டு. அப்புறம் மாவட்ட வகுப்பு, அதை அங்கே எல்லோரும் 'ஒக்ரெங்குவ்கா' என்பார்கள். அதற்கும் கீழே ஏ வகுப்பு, பி வகுப்பு. பி வகுப்பில் கிராமத்துக் கிராமம் அணி. பந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தால் யாராவது வேலி ஏறிப் போய் எடுத்து வர வேண்டும்.

பி வகுப்பு முடிவுகூட வேண்டுமென்றால் '90 மினுத்' என்ற தளத்தில் பாருங்கள். முடிவுகள், பட்டியல்கள் எல்லாம் எந்த அலங்காரமும் இல்லாமல் வரிசையாக இருக்கும். நான் இரவில் தூக்கம் வராவிட்டால் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். அந்தக் கிளப் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம். குர்னிக் என்றால் சுரங்கத் தொழிலாளி, ஹுட்னிக் உருக்காலைக்காரர், கொலேயாஷ் ரயில்வேக்காரர், வுக்னியாஷ் நெசவாளி. கம்யூனிஸ்ட் காலத்தில் கிளப்களைத் தொழிற்சங்கங்களின் கீழ் கொண்டுவந்தபோது பரவிய பெயர்கள் பல. லெஹ் போஸ்னானே சில வருடம் கொலேயாஷ்தான். ஆலை மூடி வருடங்கள் ஆகியிருக்கும், கிளப் மட்டும் அந்தத் தொழிலின் பெயரைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடிக்கொண்டிருக்கும்.

#10 கோல்கம்பம்

வார்த்தாக்கரை #5இல் சொன்னதை இரண்டு முறை படித்தேன். லீக் இடத்தை விற்கலாம் என்ற விதி தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முதலாளி இல்லாத சின்ன ஊர் கிளப் எப்படி உயிரோடு இருக்கிறது?

#11 எட்டாம் எண் சட்டை

பெரும்பாலும் மைதானம் நகராட்சியுடையது. கிளப்புக்கு வருடா வருடம் நகராட்சி மானியம் கொடுக்கும். உள்ளூர் பேக்கரி, கட்டடச் சாமான் கடை, டயர் கடை எல்லாம் வேலியில் பலகை மாட்டிக் கொஞ்சம் தரும். ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், பயிற்சி மாலையில். 2008 முதல் 2012 வரை அரசாங்கம் 'ஓர்லிக்' என்ற திட்டத்தில் நாடு முழுக்க 2,600 சிறு மைதானங்கள் கட்டியது. பல ஊர்களில் பிள்ளைகள் முதலில் பந்தை உதைப்பது அங்கேதான்.

அப்புறம் ஃபிஃபாவின் பகிர்வு விதி. ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால் அந்தத் தொகையில் 5 சதவீதம், அவர் 12 வயது முதல் 23 வயது வரை ஆடிய கிளப்களுக்குப் பங்காகப் போக வேண்டும். ஊரில் ஒரு பையன் நன்றாக வந்துவிட்டால் அந்தப் பங்கு புல்வெட்டும் இயந்திரம், உடைமாற்றும் அறைக்குக் கூரை என்று மாறிவிடும்.

லெவன்டோவ்ஸ்கியை மறந்துவிடாதீர்கள். வார்சாவின் பெரிய கிளப்பான லெகியா வேண்டாம் என்று விட்ட பையனை எடுத்துக்கொண்டது ப்ருஷ்குவ் ஊரின் ஸ்னிச் கிளப். மூன்றாம் நிலையில் 15 கோல், அணி மேலேறியதும் இரண்டாம் நிலையில் 21 கோல், இரண்டு சீசனிலும் அவர்தான் அதிக கோல். அதன் பிறகுதான் லெஹ் அவரை வாங்கியது. அந்த இரண்டு வருடம் ஒரு சின்ன கிளப் அவரை நம்பி ஆடவிட்டது.

#12 நடுக்களம்

கோப்பை ஆட்டங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 2015இல் ஸ்டார்கார்ட் நகரின் ப்வென்கிட்னி. மூன்றாம் நிலை அணி. போலந்துக் கோப்பையின் கால் இறுதியில் முதல் லீக் கிளப்பான க்ராகோவியாவை வெளியேற்றி, அரை இறுதி முதல் ஆட்டத்தில் லெஹ் போஸ்னானை 3-1 என்று வென்றார்கள்! போஸ்னானில் நடந்த இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 5-1 என்று கையை விட்டுப் போனது. வார்த்தாக்கரை, உங்கள் லெஹ் அன்று தப்பித்தது.

#13 வார்த்தாக்கரை

தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே அலுவலகத்தில் அதைப் பற்றி இன்றும் பேசுவார்கள். லெஹ் ரசிகர்களே ஸ்டார்கார்டுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள்.

கோப்பையில் எனக்குப் பிடித்த விஷயம், ஒற்றை ஆட்டமாக நடக்கும் சுற்றுகளில் கீழ் நிலை அணியின் ஊரில்தான் ஆட்டம் என்ற ஏற்பாடு. பெரிய கிளப் பேருந்து ஏறிச் சின்ன ஊருக்கு வர வேண்டும். ஆறாயிரம் பேர் உள்ள ஊருக்கு அது திருவிழா மாதிரி.

#14 மழைநாள் மைதானம்

இழை நீண்டுவிட்டது, ஆனால் புஷ்சா கிளப்பைச் சொல்லாமல் விட முடியாது. க்ராகோ பக்கத்தில் நியெபொவொமிட்சே, பெரிய காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர். புஷ்சா என்றாலே அடர்ந்த காடு. கிளப் தொடங்கியது 1923. சரியாக நூறாவது வருடத்தில், 2023இல், ஒன்றாம் லிகாவில் ஐந்தாம் இடத்தில் முடித்து, மேலேறுவதற்கான ப்ளேஆஃப் ஆட்டங்களுக்குள் நுழைந்தார்கள். அரை இறுதியில் விஸ்வா க்ராகோவை அதன் சொந்த மைதானத்தில் 4-1. இறுதியில், நான் மேலே சொன்ன யானைகளை நியெசியெச்சாவிலேயே 3-2. பயிற்சியாளர் தொமாஷ் துவாச் 2015 முதல் அங்கே இருந்தவர். கார்னர், ஃப்ரீ கிக், நீண்ட த்ரோ, இவற்றை ஒரு கலையாகவே வளர்த்தார். எட்டு வருடம் ஒரே பயிற்சியாளரை வைத்திருக்கும் பொறுமை பெரிய கிளப்களுக்குக் கிடையாது.

2025இல் இறங்கினார்கள். ஆனால் மைதானத்தில் ஆடி இறங்கினார்கள். வார்த்தாக்கரை #5இல் சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் புரிகிறது. அந்த ஊர்க்காரர் தன் பேரனிடம் முழுக் கதையையும் சொல்லலாம், நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருக்காது.

#15 எட்டாம் எண் சட்டை

வார்த்தாக்கரை, ஒரு கேள்வி. முதல் பதிவில் 'பழைய பீர் ஆலை' என்று எழுதினீர்கள். க்ரோஜிஸ்கியே பீரா? அந்த ஊர்தானா இது?

#16 வார்த்தாக்கரை

அதே ஊர்தான்! ஓக் மரப் புகையில் உலர்த்திய கோதுமையில் செய்யும் மென்மையான பீர். பல நூற்றாண்டுகளாக அந்த ஊரில் செய்தார்கள். 1993இல் ஆலையை மூடினார்கள், பீரும் நின்றுபோனது. வீட்டில் பீர் காய்ச்சும் ஆர்வலர்கள் விடாமல் பழைய செய்முறையையும் ஈஸ்ட்டையும் தேடிப் பிடித்தார்கள். 2015இல் அதே ஊரில் ஆலை மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் குடிப்பவன் இல்லை. ஆனாலும் மைதானத்துக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றேன்.

மைதானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 2020இல் போஸ்னானின் இன்னொரு பழைய கிளப்பான வார்த்தா, இருபத்தைந்து வருடம் கழித்து எக்ஸ்ட்ராக்ளாசாவுக்கு ஏறியது. அவர்களுடைய சொந்த மைதானம் லீக் தரத்துக்கு இல்லை. எங்கே ஆடினார்கள் தெரியுமா? க்ரோஜிஸ்கில், டிஸ்கோபோலியா மைதானத்தில். அப்படியே சில சீசன்கள். அந்த ஊருக்கு மறுபடி முதல் லீக் வந்தது, வேறொரு நகரத்து அணியின் பெயரில். பார்க்கப் போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். புல்தரை அதே, இருக்கை அதே, சட்டை மட்டும் வேறு.

#17 கோல்கம்பம்

அந்தப் பத்து வருடத்தை அனுபவித்தார்கள்தானே என்று #4இல் கேட்டேன். இப்போது அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விருந்து சாப்பிட்டவன் வீட்டை இழந்தால் 'விருந்து சாப்பிட்டாயே' என்று யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை எத்தனை பேர் பார்க்க வந்திருந்தார்கள்? முடிவு என்ன ஆனது? நீங்கள் சொல்லவே இல்லையே.

#18 வார்த்தாக்கரை

எண்ணிப் பார்க்கவில்லை. சின்னக் கூட்டம்தான். பாதிப் பேர் ஆட்டக்காரர்களின் வீட்டுக்காரர்கள் என்று நினைக்கிறேன். குழந்தை வண்டி இரண்டு, ஒரு நாய். என் பக்கத்தில் நின்ற பெரியவர் கழுத்தில் நூல் பிரிந்த பழைய பச்சை-வெள்ளை மஃப்ளர். என் போலிஷ் அரைகுறை. மான்செஸ்டர் என்று நான் ஆரம்பித்ததுமே அவர் கையால் ஒரு கம்பத்தைக் காட்டி, அன்று தான் எங்கே நின்றிருந்தேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை 2003ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்க முழுக்க அன்று ஆடிய இடது பின்கள ஆட்டக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். பந்து வரும்போது உள்ளே ஓடாமல் ஓரத்தில் நிற்கிறானாம்.

தோற்றுவிட்டார்கள். இலையுதிர்காலச் சுற்று இந்த மாதத்தோடு முடிகிறது, பனி விழுந்தால் கீழ் லீக்குகளில் மார்ச் வரை ஆட்டம் கிடையாது. வசந்தச் சுற்றின் முதல் சொந்த மைதான ஆட்டத்துக்குப் போகப்போகிறேன். போஸ்னானில் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள், காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.